சேனைக்கிழங்கும் பனை எண்ணெயும்: தெரியாத ஊர்க் கதையை வகுப்பில் படிப்பது எப்படி?

"ஒகோன்க்வோ எப்படிப் பெரிய ஆளானான்?" என்று ஒருமுறை இரண்டாம் ஆண்டு வகுப்பில் கேட்டேன். நாங்கள் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய நாவலின் நாயகன் அவன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சேனைக்கிழங்கு போட்டு, சார்" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. நாவலில் 'யாம்' என்று இருக்கிறது. யாம் என்றால் சேனை என்று அகராதி சொல்கிறது, காய்கறிக் கடைப் பலகையும் அதையேதான் சொல்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சிரித்தவர்கள் மனதிலும் அந்த நாவல் முழுக்கச் சேனைதான் விளைந்துகொண்டிருந்தது.

சினுவா அச்சிபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலில் வரும் யாம் வேறு. (தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது.) அது வள்ளிக்கிழங்கு வகை, நம் பெருவள்ளிக்கிழங்குக்கு உறவுக்காரன். மண்ணை மேடுமேடாகக் கூட்டி நட வேண்டும், கொடி ஏறக் குச்சி ஊன்ற வேண்டும். கிழங்கு பூமிக்குள் நீளமாக இறங்கும். நாவலின் ஊரான உமுவோஃபியாவில் அது ஆண்களின் பயிர், பயிர்களுக்கெல்லாம் ராஜா. சேம்பும் மரவள்ளியும் அவரையும் பெண்களின் பயிர்கள். ஒருவனுடைய கிழங்குக் கொட்டகை எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று ஊர் முடிவு செய்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு கொட்டகைகூட வராத ஒகோன்க்வோ, நுவாகிபியே என்ற செல்வந்தரிடம் போய் விதைக்கிழங்கு கேட்கிறான். அவர் "இரண்டு நானூறு" தருகிறேன் என்கிறார். எண்ணூறு என்று நேராகச் சொல்லக் கூடாதா? அந்த ஊர் மக்கள் பேசும் இக்போ மொழியில் நானூறு என்பதற்கு 'ந்னு' என்று தனிச்சொல்லே இருக்கிறது. அவர்கள் எண்ணுவது இருபது, நானூறு என்று போகும். அச்சிபே ஆங்கிலத்தில் எழுதினாலும் கணக்கு இக்போவில் ஓடுகிறது.

சேனை என்று நினைத்துப் படித்தாலும் கதை புரியும், தேர்விலும் தேறிவிடலாம். அந்த மனிதனுடைய பெருமையும் பயமும் எதன்மேல் நிற்கின்றன என்பது மட்டும் கைக்கு வராது. தெரியாத ஊரின் கதையைப் படிப்பதிலும் நடத்துவதிலும் உள்ள சிக்கல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. புரியாத இடத்தில் நின்று யோசிப்போம். புரிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் வழுக்குகிறோம்.

'பின்' என்றால் எதற்குப் பின்?

பின்காலனிய இலக்கியம் என்ற பெயரைக் கேட்டதும், வெள்ளைக்காரர்கள் போன பிறகு எழுதப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். நாள்காட்டி அதற்கு ஒத்துவரவில்லை. இந்த நாவல் லண்டனில் அச்சானது 1958இல். நைஜீரியா விடுதலை பெற்றது 1960 அக்டோபர் 1 அன்று. பின்காலனிய இலக்கியம் என்றவுடன் எல்லோரும் முதலில் கைகாட்டும் புத்தகமே காலனி ஆட்சி நடக்கும்போது வந்ததுதான்.

ஆகவே அந்தப் 'பின்' என்பதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்வது நல்லது. இதுவரை நம்மைப் பற்றி யார் எழுதினார்கள், இப்போது யார் எழுதுகிறார்கள், யாருக்காக?

அச்சிபே 1948இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடமாக இருந்தவற்றில் ஜாய்ஸ் கேரி 1939இல் எழுதிய 'மிஸ்டர் ஜான்சன்' ஒன்று. நைஜீரியாவில் நடக்கும் கதை. நைஜீரியாவில் வேலை பார்த்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எழுதியது. வெளியில் நல்ல பெயர் வாங்கிய நாவல். வகுப்பிலிருந்த நைஜீரிய மாணவர்களுக்கோ அந்தக் கதாநாயகனைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இப்படி ஒரு கோமாளியை நாம் எங்கே பார்த்தோம் என்று தோன்றியது. தன் ஊர்க் கதையைத் தானே சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அச்சிபேக்கு அந்த எரிச்சலிலிருந்துதான் வளர்ந்தது. பின்னால் 1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, ஜோசப் கான்ராடின் ஆப்பிரிக்க நாவலையும் அதே கண்ணோடு பிரித்துப் போட்டார்.

அதிகாரத்தில் இருப்பவர் எழுதிய கதைக்குள் பாத்திரமாக இருந்தவர், பேனாவைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது. பின்காலனிய இலக்கியம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. கோட்பாட்டு நூல்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை முதல் வாரம் திறக்காதீர்கள்.

இந்தப் பாடத்தில் நாவலோடு படமும் காட்டுவேன். சினிமா எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் முதலில் நாவலாசிரியர். தெற்குப் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பிரெஞ்சில் எழுதினார். ஆனால் தான் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. அதனால் நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ போய் சினிமா கற்றுக்கொண்டு வந்தார். 1968இல் 'மண்டாபி' படத்தை வொலோஃப் மொழியில் எடுத்தார். இலக்கியப் பாடத்தில் படம் போட்டால் வகுப்பைக் கடத்த ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த எழுத்தாளர்களைப் பொறுத்தவரை, எந்த மொழியில், எந்த வடிவத்தில் சொன்னால் ஊருக்குப் போய்ச் சேரும் என்பது உயிர்ப்பிரச்சினை.

"நம்ம ஊர் மாதிரியேதான் சார்"

நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒரு காட்சி. ஒகோன்க்வோவின் அப்பா உனோகா ஊரெல்லாம் கடன் வாங்கிவைத்த ஆள், அருமையாகப் புல்லாங்குழல் வாசிப்பார். பக்கத்து வீட்டு ஒகோயே அவரைப் பார்க்க வருகிறார். விருந்தாளிக்கு உடைத்துக் கொடுக்கும் கோலாக்கொட்டை வருகிறது. யார் உடைப்பது என்று இருவரும் நீங்கள், நீங்கள் என்று கொஞ்ச நேரம் உபசரித்துக்கொள்கிறார்கள். மழை பற்றி, முன்னோர் பற்றி, விழா பற்றிப் பேச்சு நீள்கிறது. அப்புறம் ஒகோயே வரிசையாகப் பழமொழி சொல்ல ஆரம்பிக்கிறார். சுற்றி வளைத்து அவர் கேட்பது தனக்கு வரவேண்டிய இருநூறு சோழிகளை (அங்கே சோழிதான் பணம்). உனோகா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டுகிறார். சுண்ணக்கோடு கோடாகக் கடன் கணக்கு, ஒரு கோட்டுக்கு நூறு சோழி. பெரிய கடன்களை முதலில் அடைக்கிறேன், உன்னுடையது சின்னதுதானே என்கிறார்.

இந்தக் காட்சிக்கு நம் மாணவர்களிடம் எந்த விளக்கமும் தேவைப்படாது. வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்து, கால்மணி நேரம் மழை தண்ணி விசாரித்துவிட்டு, எழுந்து போகும்போது "அப்புறம் அந்த விஷயம்..." என்று இழுப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வகுப்பு உயிர்த்துக்கொள்ளும். "நம்ம ஊர் மாதிரியேதான் சார்!"

இந்த வாக்கியத்தைத் தடுக்கக் கூடாது. தெரியாத வீட்டுக்குள் போக இதுதான் வாசற்படி. ஆனால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. கோலா என்றால் வெற்றிலை பாக்கு, சாமி முகமூடி என்றால் சாமியாட்டம், ஒகோன்க்வோ என்றால் நாட்டாமை என்று சமன்பாடு எழுதிக்கொண்டே போனால், கடைசியில் நம் ஊர்க் கதையையே ஆங்கிலத்தில் படித்து முடித்திருப்போம். நாட்டாமை என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதிரிமார் வந்து உங்கள் அரசர் யார் என்று கேட்கிறார்கள். எங்களுக்கு அரசர் கிடையாது என்கிறது ஊர். பட்டம் பெற்றவர்கள் உண்டு, பெரியவர்கள் உண்டு, ஒற்றைத் தலைவர் இல்லை. நாட்டாமை என்ற சொல் வந்து உட்கார்ந்த கணமே இந்த விஷயம் காணாமல் போய்விடுகிறது.

இன்னும் நல்ல உதாரணம் 'சி'. ஒவ்வொரு மனிதனுக்கும் சொந்தமாக ஒரு சி உண்டு என்பது இக்போ நம்பிக்கை. குறிப்பேட்டில் எல்லோரும் 'தலையெழுத்து' என்று எழுதிவைத்திருந்தார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலையெழுத்தை யாரும் மாற்ற முடியாது, அழித்து எழுத முடியாது என்பதுதானே நம் பேச்சு? இக்போ பழமொழி வேறு சொல்கிறது: ஒருவன் ஆம் என்றால் அவனுடைய சியும் ஆம் என்னும். ஒகோன்க்வோ அழுத்தமாக ஆம் என்றான், அவன் சியும் இசைந்தது. பாதி நாவல் கழிந்து எல்லாம் இழந்து நிற்கும்போது, அந்தப் பழமொழியே பொய்யோ, தான் ஆம் என்றும் சி இல்லை என்கிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது. சியோடு மனிதன் பேரம் பேசலாம், சண்டை போடலாம், தோற்கவும் செய்யலாம். இதைத் தலையெழுத்து என்று மூடிவிட்டால் அந்தச் சண்டையே இல்லை.

சில இடங்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடச் சரியாகப் பொருந்தும். கைதவறித் துப்பாக்கி வெடித்து ஒரு பையன் சாக, ஒகோன்க்வோ ஏழு வருடம் ஊரை விட்டுப் போக நேர்கிறது. அவன் போவது அம்மா பிறந்த ஊரான ம்பாண்டாவுக்கு. அங்கே அவனை ஏற்றுக்கொள்ளும் உச்செண்டுவை ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்றுதான் சொல்ல முடியும். அம்மாவின் தம்பி. தாய்மாமன் என்றவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அடிபட்டவனைத் தாங்குவது தாய்வீடு என்று உச்செண்டு பேசும் பகுதியை ஒரு வார்த்தை விளக்காமல் படிக்க முடியும். அந்த உற்சாகத்தில்தான் ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப ஏன் சார் மாமா பொண்ணைக் கட்டிக்கல?"

சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் அருமையான கேள்வி. இக்போ வழக்கில் தாய்வழி உறவில் பெண் எடுக்கக் கூடாது. நமக்கு முறைப்பெண், அவர்களுக்கு விலக்கு. அதே தாய்மாமன், அதே பாசம், கணக்கு மட்டும் தலைகீழ். அன்று வகுப்பில் ஒப்பீடு என்றால் என்ன என்று தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

பனை எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சைத் தொட்டுச் சாப்பிடும் பனை எண்ணெய்தான் பழமொழி என்று நாவலின் தொடக்கத்தில் வருகிறது. நம் பிள்ளைகளுக்குப் பனை எண்ணெய் என்றால் ரேஷன் கடைப் பாமாயில் பாக்கெட். வேறு வழியில்லாமல் வாங்குவது. பழமொழியைப் போய் இதோடு ஒப்பிடுகிறாரே என்று ஒருவன் வருத்தப்பட்டான். அங்கே அது சுத்திகரிக்காத, அடர் சிவப்பு எண்ணெய். வெந்த கிழங்கை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இட்லிக்கு நல்லெண்ணெயும் பொடியும் போல என்றேன், முகம் தெளிந்தது. நானும் சமன்பாடுதான் போட்டேன். வேறு வழியில்லாத இடமும் உண்டு.

கொடுமை வரும் பக்கங்கள்

இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் மண்பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். தன் வீட்டில் வளர்ந்து தன்னை அப்பா என்று கூப்பிட்ட சிறுவன் இகெமெஃபுனாவை ஒகோன்க்வோ தன் கையாலேயே வெட்டுகிறான். இந்தப் பக்கங்கள் வரும்போது வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, "காட்டுமிராண்டிகள், வெள்ளைக்காரன் வந்தது நல்லதுதான்" என்னும். மறுபாதி, கொஞ்சம் படித்த பாதி, "அது அவங்க கலாச்சாரம், நாம தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்னும். இரண்டாவது பதில் பண்பாகத் தெரியும். எனக்கு அது முதல் பதிலைவிட ஆபத்தாகப் படுகிறது. அந்த ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கிறார்கள், நம்மைப்போல் உறுத்தல், வாக்குவாதம் எதுவும் அவர்களுக்குக் கிடையாது என்று சொல்லாமல் சொல்கிறது அது.

புத்தகத்தைத் திறந்தால் ஊருக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. பையனின் சாவில் நீ கை வைக்காதே என்று ஊரின் மூத்தவர் எசூடு முன்கூட்டியே எச்சரிக்கிறார். நண்பன் ஒபியெரிகா அந்தக் கொலைக்குப் போகவே இல்லை. பிறகு தன் இரட்டைக் குழந்தைகளை நினைத்து, அவை என்ன குற்றம் செய்தன என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறான். காட்டிலிருந்து வந்த குழந்தை அழுகையைக் கேட்டதும் ஒகோன்க்வோவின் மகன் நுவோயேவுக்குள் ஏதோ உடைகிறது. அவன் பின்னால் புதிய மதத்துக்குப் போவதற்குக் காரணம் எந்தப் பிரசங்கமும் இல்லை, அந்த அழுகையும் இகெமெஃபுனாவின் சாவும் அவனுக்குள் எழுப்பிய கேள்விதான்.

செம்பேனின் கடைசிப் படமான 'மூலாதே' (2004) இதை இன்னும் துலக்கமாகக் காட்டும். பெண் உறுப்பு வெட்டும் சடங்கிலிருந்து தப்பி ஓடிவரும் சிறுமிகளுக்கு ஒரு பெண் அடைக்கலம் கொடுக்கிறாள். எப்படி? வீட்டு வாசலில் ஒரு வண்ணக் கயிற்றைக் குறுக்கே கட்டுகிறாள். அந்தக் கயிறு அடைக்கலத்தின் அடையாளம், தாண்டினால் சாபம். அதுவும் பழைய வழக்கம்தான். ஒரு மரபை எதிர்க்க இன்னொரு மரபைக் கையில் எடுக்கிறாள். ஆண்கள் பெண்களின் ரேடியோக்களையெல்லாம் பிடுங்கிக் குவித்துக் கொளுத்துகிறார்கள். இதில் எது 'அவர்கள் கலாச்சாரம்'? கயிறா, கத்தியா, ரேடியோவா?

இந்த இடத்தில் நான் உசிலம்பட்டியைப் பேசுவேன். 1980களில் அந்தப் பகுதியின் பெண் சிசுக் கொலை பற்றிப் பத்திரிகைகளில் வந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டைப் பற்றி வேறொன்றும் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு நாட்டில், அந்த ஒரு செய்தியை மட்டும் படித்துவிட்டுத் தமிழர் பண்பாடு இதுதான் என்று எழுதினால் என்ன சொல்வீர்கள்? கோபம் வரும். சரி, செய்தி பொய்யா? பொய்யில்லை. பேச்சு அங்கிருந்து ஆரம்பித்தால் உமுவோஃபியாவைப் பற்றிப் பேசும் குரல் தானாகத் தணிகிறது. ஒருமுறை மதுரைப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் பாட்டி ஒரு குழந்தையை எப்படிக் காப்பாற்றினாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அன்று நாவலைத் திறக்கவே இல்லை.

ஓசு பற்றிய அத்தியாயம் வேறு மாதிரி. ஓசு என்பவர்கள் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், அந்த நிலை பிள்ளைகளுக்கும் தொடரும். முடி வெட்டக் கூடாது, மற்றவர்களோடு கலியாணம் கூடாது, ஊருக்குள் தனி இடம். இருவர் தேவாலயத்துக்குள் வருகிறார்கள், எதிர்ப்பது யார்? ஏற்கெனவே மதம் மாறி உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள். இதை விளக்க நான் வாய் திறப்பதில்லை. வகுப்பில் என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இருப்பார்கள், பேச விரும்பினால் பேசுவார்கள். வற்புறுத்துவதும் தவறு. கிழக்கு நைஜீரிய அரசு 1956இல் ஓசு முறையைச் சட்டத்தால் ஒழித்தது என்ற தகவலை மட்டும் சொல்வேன். "சட்டம் வந்ததும் போயிடுச்சா சார்?" என்று எப்போதும் யாராவது கேட்பார்கள். கேட்கும் தொனியிலேயே பதில் இருக்கும்.

பின்னணிக் குறிப்பு எவ்வளவு?

நாவலின் கடைசிப் பக்கத்தைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். ஆங்கிலேய மாவட்ட அதிகாரி பார்க்கிறார். அவர் ஒரு புத்தகம் எழுதும் எண்ணத்தில் இருக்கிறார். இந்த மனிதனைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதலாம், இல்லை, ஒரு பத்தி போதும் என்று நினைத்துக்கொள்கிறார். நைஜர் நதிக் கீழ்ப்பகுதியின் ஆதிப் பழங்குடிகளை அமைதிப்படுத்தியது பற்றி ஒரு தலைப்பும் தயார். இருபத்தைந்து அத்தியாயம் நாம் கூடவே நடந்த ஒருவன் அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி.

ஆரம்ப வருடங்களில் என் முதல் வகுப்பு இப்படித்தான் இருக்கும்: நைஜீரியாவின் மக்கள்தொகை, இக்போ மக்களின் பழக்கவழக்கங்கள் ஆறு, நம்பிக்கைகள் ஐந்து, பவர்பாயிண்டில். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பிறகு நாவலைப் படிக்கும்போது, பட்டியலில் உள்ளது வருகிறதா என்று டிக் அடித்துக்கொண்டே போவார்கள். மனிதர்கள் யாரையும் அவர்கள் சந்திக்கவில்லை. ஒரு வருடம் கடைசிப் பக்கத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது, நான் திரையில் போட்ட அந்தப் பட்டியல் ஞாபகம் வந்து வாய் அடைத்துப்போனது. அந்த அதிகாரி எழுத நினைத்த பத்தியை நான்தான் எழுதி முடித்துக் கொடுத்திருந்தேன்.

இப்போது முதல் நாள் கொடுப்பது ஒரு வரைபடமும் ஒரு காலமும் மட்டும். நைஜர் நதி, அதன் கிழக்கே அச்சிபே வளர்ந்த ஒகிடி. கதை நடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். அவ்வளவுதான். சில பதிப்புகளில் பின்னால் சொற்பட்டியல் இருக்கும், அதைக் கிளிப் போட்டு மூடிவிடச் சொல்வேன். பெரும்பாலான சொற்களை அச்சிபே கதையோட்டத்திலேயே விளங்க வைத்துவிடுவார். விளங்காதவை கொஞ்ச தூரம் கூட வரட்டும். அவர்களுடைய வாரத்துக்கு நான்கே நாள், எகே, ஒயே, அஃபோ, ந்க்வோ என்று சந்தை நாட்களின் பெயர்கள். 'மூன்று சந்தை வாரம்' என்று வந்தால் எத்தனை நாள் என்று அவர்களே ஒருநாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பார்கள். அப்படிக் கிடைத்தது மறக்காது.

குறிப்பே கூடாது என்றும் சொல்லவில்லை. அபாமே என்ற ஊருக்கு ஒரு வெள்ளைக்காரர் 'இரும்புக் குதிரை'யில் வருகிறார். ஊரார் அவரைக் கொன்று, குதிரை ஓடிவிடாமல் மரத்தில் கட்டிவைக்கிறார்கள். சைக்கிள் என்று புரிந்ததும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். அடுத்து சந்தை நாளில் படை வந்து சுற்றி வளைத்துச் சுட்டதில் ஊரே அழிகிறது. அப்போதுதான் சொல்வேன்: 1905இல் இக்போ நாட்டின் அஹியாராவில் சைக்கிளில் போன ஒரு வெள்ளைக்காரர் கொல்லப்பட்டார், பழிவாங்க ராணுவம் அனுப்பப்பட்டது. ஆய்வாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதே தகவலை முதல் நாள் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. சிரிப்பு வராமல் அந்த அடி விழாது.

சில இடங்களுக்கு எதுவுமே வேண்டாம். அதிகாரி இருநூறு பை சோழி அபராதம் போடுகிறார், ஊரில் வந்து சொல்லும் சிப்பந்திகள் இருநூற்றைம்பது என்கிறார்கள். மேற்கொண்டு ஐம்பது எங்கே போகிறது என்று எந்த வகுப்பிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை.

மொழி பற்றிய தகராறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சிபே ஆங்கிலத்தை இக்போவுக்கு ஏற்ப வளைத்தார். கென்யாவின் கூகி வா தியாங்கோ, ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பிறகு, அதை விட்டுவிட்டு கிகூயு மொழிக்குத் திரும்பினார். ஒரு கிகூயு நாடகத்துக்காக 1977 கடைசியில் சிறைக்குப் போனவர், அங்கே கழிப்பறைக் காகிதத்தில் எழுதிய நாவல்தான் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'. யார் சரி என்று பட்டிமன்றம் வைக்கலாம். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டு, சந்தேகத்தைத் தமிழில் கேட்டு, விடையை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகள் அந்தப் பட்டிமன்றத்தில் பேசுவதைக் கேட்க வேண்டும்.

ஒரு மணி நேரப் படம், ஒரு முகமூடி

படம் நடத்தப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு செம்பேனின் 'லா நுவார் து...' (1966) போதும். கறுப்பு வெள்ளை, சுமார் ஒரு மணி நேரம். தலைப்பே முடியாமல் நிற்கிறது: "...இன் கறுப்புப் பெண்". யாருடையவள்? எந்த ஊர்க்காரி? அந்த மூன்று புள்ளிகளைப் பற்றியே பத்து நிமிடம் பேசலாம்.

டக்கார் நகரத்துப் பெண் தியுவானா ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறாள். அவர்கள் பிரான்ஸின் ஆந்திப் நகருக்கு அழைக்கும்போது ஆசையாகப் போகிறாள். அங்கே போனால் சமையல், துணி, தரை துடைப்பது. கடற்கரை நகரம், அவள் பார்ப்பது அடுக்குமாடி வீட்டின் சன்னல் மட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு முகமூடியை முதலாளியம்மாவுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள்.

முதல் பத்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுவேன். பேச்சில்லாமல் பார்க்கும்போது சுவர்களின் வெள்ளை கண்ணில் அறையும். அப்புறம் ஒரே ஒரு வேலை தருவேன்: முகமூடி எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். டக்காரில் ஒரு சிறுவன் கையில். முதலாளி வீட்டில் மற்ற கலைப்பொருட்களோடு. ஆந்திப் வீட்டில் வெற்றுச் சுவரில் தனியாக. பிறகு இரண்டு பெண்களும் அதைப் பிடித்து இழுக்கும் சண்டையில். கடைசியில் மீண்டும் அந்தச் சிறுவனின் முகத்தில், முதலாளியின் பின்னாலேயே நடந்துவருகிறது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டால் படத்தின் மொத்தக் கதையையும் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்க முகமூடிகளின் சமய முக்கியத்துவம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

தியுவானாவின் மனக்குரல் படம் முழுக்கப் பிரெஞ்சில் ஓடுகிறது. அவளுக்கோ பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது. திரையில் தெரியும் நடிகையின் குரலும் இல்லை அது, வேறொருவருடையது. ஏன் இப்படி என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன்.

நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் கதை இங்கே தானாக வரும். குவைத்தில் பெரியம்மா, மஸ்கட்டில் சித்தி. வரட்டும். ஆனால் தியுவானாவை வேலைக்கு வைத்தவர்கள் நேற்றுவரை அவள் நாட்டை ஆண்டவர்கள், செனகல் விடுதலை பெற்றே ஆறு வருடம்தான் ஆகிறது. அந்த ஒரு வேற்றுமையை மட்டும் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் அதிக நேரம் நிற்கும் காட்சி வேறு. டக்காரிலிருந்து அம்மாவின் கடிதம் வருகிறது. முதலாளி அதை உரக்கப் படிக்கிறார். பிறகு அவரே தாளை எடுத்து, அவள் சார்பாகப் பதில் எழுத ஆரம்பிக்கிறார். நல்ல மனிதர்தான், உதவிதான் செய்கிறார். அவள் எழுந்து கடிதத்தைக் கிழித்துப்போடுகிறாள். நாவலில் ஒகோன்க்வோவைப் பற்றிய பத்தி, படத்தில் தியுவானாவின் கடிதம். இரண்டிலும் வேறொருவர் எழுதுகிறார். இதை நான் சொல்வதற்கு முன்பே யாராவது சொல்லிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருக்கிறேன், பல வருடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒருமுறை பயிற்சியாக, அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதுங்கள் என்றேன். எந்த மொழியிலும் எழுதலாம். ஏறக்குறைய எல்லோரும் தமிழில் எழுதினார்கள், ஏறக்குறைய எல்லாத் தாளும் ஒரே மாதிரி ஆரம்பித்தது: அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல். மணி அடிக்கும்போது ஒரு மாணவி மட்டும் அந்த முதல் வரியோடு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன்.

"நலம்னு எழுதிட்டேன் சார். அவ நலமா இல்லையே. அடிச்சிட்டா அப்புறம் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

தாளை வாங்காமல், நாளைக்குக் கொண்டுவா என்று சொல்லிவிட்டு வந்தேன்.